பேரேட்டில் ஏறாத உழைப்பு

உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டியைப் பற்றிச் சில சொற்கள் உங்கள்முன் கூற விழைகின்றோம். அவர் எங்கள் அன்னையைப் பெற்றவர், எங்களையும் வளர்த்தவர். பட்டமோ பதவியோ பெற்றவர் அல்லர். ஆயினும், அவரது வாழ்வைக் கேட்கும் உங்களுள் பலர், "இஃது எங்கள் பாட்டியின் கதையன்றோ!" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணவேண்டும் என்பதே எங்கள் விருப்பமுமாகும்.

பாட்டியார் தமது இறுதிக் காலத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, நிரப்பித் தருமாறு ஒரு படிவத்தை எங்களிடம் கொடுத்தனர். 'தொழில்' என்றிருந்த இடத்தில், 'வேலை இல்லை' என்று எழுதிவிட்டோம். அருகில் நின்ற அன்னையார், எழுதியதைப் படித்துக் காட்டுமாறு கேட்டார். படித்தோம். அவர் ஒன்றும் கூறவில்லை. தம் தாயின் வலக்கையை எடுத்து, உள்ளங்கையை எங்கள் பக்கம் திருப்பினார். பால்வெட்டுக் கத்தியைப் பல்லாண்டுகள் பிடித்துக் காய்த்துப்போயிருந்த கை அது. நாங்கள் தலைகுனிந்தோம்.

பாட்டியார் தமிழகத்திற் பிறந்தவர். தொழிலாளர் இந்நாட்டிற்கு வருவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடைசெய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பெற்றோருடன் பினாங்குக் கரையில் இறங்கிய சிறுமி அவர். அதற்குமுன் ரப்பர் விலை வீழ்ந்ததைக் காரணங்காட்டி, 1930இல் தோட்டங்களில் நாட்கூலி குறைக்கப்பட்டிருந்தது. ஆணுக்கு 50 காசாக இருந்தது 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 காசாயிற்று. மரமும் ஒன்றே, கத்தியும் ஒன்றே. ஆயினும் பெண்ணின் கைக்குக் கூலி குறைவு. அத்தகைய உலகில்தான் அவர் வளர்ந்தார்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா இரயில் பாதையை அமைப்பதற்காகத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர். பாட்டியாரின் தந்தையும் அவருள் ஒருவர். தந்தை எந்த மண்ணில் புதையுண்டார் என்பதைப் பாட்டியார் இறுதிவரை அறியார். பதினாறு வயதுகூட நிரம்பாத அப்பெண், மரவள்ளிக் கிழங்கு நட்டுத் தாயையும் தம்பியரையும் பட்டினியினின்று காத்தார்.

போர் முடிந்தபின் திருமணம். அதன்பின் ஐந்து மக்கள். விடியற்காலை நான்கு மணிக்கு லயத்தில் முதலில் எரியும் அடுப்பு அவருடையதாம். சோறாக்கி, பாலில்லாக் கோப்பி கலக்கி, கைக்குழந்தையைச் சேலையில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவார். கதிரவன் எழுமுன் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலியும் இல்லை.

பட்டையை மெலிதாகச் சீவுவதில் அவர் கை தேர்ந்தவர். கத்தி ஆழ்ந்து கட்டையைத் தொட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து, பின்னர் வெட்டுவோர்க்குத் துன்பமாகும். "மரமும் பால் கொடுக்கிற தாய்தான், காயப்படுத்தாதே" என்று எங்கள் அன்னையாருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். பால் எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சேர்த்ததும், கிராணியார் பேர் போடுவார். அத்துடன் பேரேட்டுக் கணக்கு முடிந்தது.

ஆனால், பாட்டியாரின் வேலை முடிந்ததா? விறகு பொறுக்குதல், துணி துவைத்தல், ஆட்டுக்குத் தழை ஒடித்தல், கீரைப் பாத்திக்கு நீர் ஊற்றுதல், மாலைச் சமையல், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அருகில் விழித்திருத்தல் என்று நீண்ட மற்றொரு நாள் அதன்பின்பே தொடங்கிற்று. அந்த நாளுக்குப் பேர் போட்டவர் எவருமிலர்.

ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையோடு வீடும் போய்விடுமோ என்னும் அச்சம் லயந்தோறும் பரவியது. அந்நிலையில், தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கலாம் என்று கூறி, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியார் தாம் வளர்த்த ஆடுகளை விற்று, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி அதில் பங்கு சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், கைநாட்டு வைத்தார். "நாம் வெட்டுகிற மரம் ஒருநாளாவது நம்முடையதாக இருக்கட்டும்" என்பாராம்.

55 வயதில் அவர் வெட்டை விட்டார். உடனே, அன்னையார் வெட்டுக்குப் போவதற்காக எங்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். எங்களுக்குச் சோறூட்டி, தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் அவரே. பிரம்படிக்கு அஞ்சி நாங்கள் பாதிவழியில் திரும்பியபோது, பள்ளி வாசலில் நாள் முழுதும் அமர்ந்திருந்தவரும் அவரே. இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்ட நாங்கள்தாம், 'வேலை இல்லை' என்று எழுதினோம்!

பெரியோர்களே! எங்கள் பிழையை எதற்காகச் சொல்லுகின்றோம் எனில், அது எங்கள் பிழை மட்டுமன்று. கூலி கிடைப்பதே வேலை, ஏனையவை பெண்ணின் கடமை என்று நாம் நெடுங்காலமாக எண்ணிவந்துள்ளோம். அவ்வெண்ணம் இன்று மாறி வருகின்றது. வீட்டுவேலையும் வேலையே என்பதை ஏற்று, இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள், ஓராண்டுக்கு 120 வெள்ளி சந்தா செலுத்திச் சொக்சோவில் சேரலாம் என்னும் ஏற்பாட்டுடன் அது தொடங்கிற்று. வீட்டை நடத்தும்போது நேரும் விபத்துக்கும் அதிற் பாதுகாப்பு உண்டு. வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு முன்னர் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. எங்கள் பாட்டியார் காணாத நன்மைகள் இவை. உங்கள் இல்லத்துப் பெண்கள் இவற்றைக் கேட்டறிந்து பயன்பெறச் செய்யுங்கள்.

சட்டம் செய்வது ஒரு பங்கு. நாம் செய்ய வேண்டியது மறு பங்கு. ஆடவரே, மனைவியும் உங்களோடு வேலைக்குச் சென்று திரும்புபவராயின், அடுப்படி வேலையில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞரே, உங்கள் பாட்டி உயிரோடிருந்தால், இன்றிரவே அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊரிற் பிறந்தார், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு வெட்டினார், யாரை இழந்தார், யாரை வளர்த்தார் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாங்கள் கேட்கத் தவறியவை பல. இனிக் கேட்பதற்கு அவர் இல்லை.

அன்று அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினோம். எழுதியதை அடித்துவிட்டு, 'ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளி. ஐந்து மக்களின் தாய்' என்று திருத்தினோம். எழுதுவதற்கு இடம் போதவில்லை. அன்னையார் அதனைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டபின், தம் தாயின் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தார்.