படம் வரைந்து பாகங்களைக் குறி

கோடைக்காலம் ஏன் வருகிறது என்று கேட்டால், பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால் என்று சொல்பவர்கள் ஏராளம். படிப்பு குறைந்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்று எண்ண வேண்டாம். 1987-இல் வெளிவந்த ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற ஆவணப்படத்துக்காக, ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் பருவகாலங்களைப் பற்றியோ நிலவின் பிறைகளைப் பற்றியோ விளக்கம் கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அதாவது மார்கழிப் பனியில் நாம் போர்த்திக்கொண்டு தூங்கும் நாட்களில். ஜூலையில் அந்தத் தூரம் 15.2 கோடியாகிறது. நெருப்பை நெருங்கினால் சுடும் என்ற அன்றாட அனுபவம் இந்தத் தவறுக்கு ஒரு காரணம். அதற்குச் சாட்சி சொல்வதுபோல் அமைந்துவிடுகிறது பாடநூல் படம். பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைவதால், வட்டம் நசுங்கி நீள்வட்டமாகத் தெரிகிறது. மாணவர் அதையே பாதையின் நிஜமான வடிவம் என்று எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு மருந்தும் படத்திலேயே இருக்கிறது. கவராயத்தால் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த அளவில், பூமியின் உண்மையான பாதை வட்டத்திலிருந்து மாறுபடுவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பென்சில் கோடே அதைவிடத் தடிமன்! சூரியனை மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத் தள்ளி வைத்தால் போதும். இதைத் தன் கையால் அளந்து வரைந்த பிள்ளைக்கு, தூரம்தான் கோடைக்குக் காரணம் என்று சொல்ல வாய் வராது. வேறு காரணம் தேடித்தான் ஆக வேண்டும். அப்போது அச்சின் இருபத்து மூன்றரைப் பாகைச் சாய்வைச் சொன்னால் அது மனதில் ஏறும். ஒரு டார்ச் விளக்கைக் காகிதத்தின்மீது நேராகவும் சாய்வாகவும் அடித்துக் காட்டினால், சாய்ந்து விழும் ஒளி பரவி மங்குவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆகவே என் வாதம் இதுதான்: படமோ மாதிரியோ, மாணவர் தானே அளந்து செய்து, அதைக் கேள்வி கேட்கும்போதுதான் பாடமாகிறது. கண்காட்சிக்கு முதல்நாள் இரவு அப்பாவும் அம்மாவும் கண்விழித்துச் செய்யும் தெர்மோகோல் எரிமலை அவர்களுக்கு வேண்டுமானால் பாடமாகலாம்.

படம் ஏமாற்றும் என்றால் சொல்லால் விளக்குவதே பாதுகாப்பு அல்லவா என்று கேட்கலாம். இதயப் படத்தில் சிரைகளுக்கு நீலம் தீட்டப்போய், உடம்பில் நீல ரத்தம் ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சொல் அறியாமையை மறைத்துக்கொள்ளும். ‘அச்சின் சாய்வால்’ என்று மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். சூரியக்கதிர் எங்கே எப்படி விழுகிறது என்று வரையச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். தவறாக வரைந்தால் அதுவே பதிந்துவிடாதா என்ற அச்சத்துக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூவிழை மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அணுக்கள் அளவுக்குமீறி நெருங்கியிருக்கின்றன என்று கிரிக், ரிச் என்ற இரு ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழுவினர் அலசிப் பார்த்ததன் பலன், 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம். புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் அதைத்தான் கையாள்கிறார்கள்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் கவராயமும் டார்ச்சும் எங்கே என்ற ஆசிரியரின் முணுமுணுப்பு நியாயமானது. எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. வழக்கமாகத் தடுக்கிவிழும் இரண்டு மூன்று இடங்களில் செய்தால் போதும். கை திருந்தாத பிள்ளைகளும் அஞ்ச வேண்டியதில்லை, ரெக்கார்டு நோட்டில் நிழல் தீட்டும் அழகுக்கு மதிப்பெண் கொடுப்பதை நாம் நிறுத்திக்கொண்டால். மற்றபடி, தேர்வுத்தாளில் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற வரியை அடுத்து இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: ‘இப்படத்தில் உண்மை அளவில் இல்லாதது எது? ஏன் அப்படி வரைந்தாய்?’