பெயர் தெரியாத ஆட்டங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், திருப்புல்லாணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இந்த அவையில் வெண்பாவோடு வந்து நின்றவன் நான். இன்று ஒரு கேசட்டோடு வந்திருக்கிறேன். பாட்டுக் கேசட் என்று எண்ணிவிட வேண்டா. உள்ளங்கை அளவான மஞ்சள் நிற ஓடு. அதன் அடிப்புறத்தில் செம்புப் பற்கள். மேலே நைந்துபோன ஒரு படத்தாள். தொண்ணூறுகளில் பிள்ளைகளாய் இருந்தவர்கள் இதைக் கண்டதும் புன்னகை செய்வதை இங்கிருந்தே காண்கிறேன். ஆம், இது டிவி கேம் கேசட். இராமநாதபுரத்தில் தொலைக்காட்சிப் பழுது நீக்கும் கடை வைத்திருக்கும் நான், இருபது ஆண்டுகளாக இத்தகைய கேசட்டுகளையும் அவற்றை இயக்கும் பெட்டிகளையும் சேர்த்து வருகிறேன். "கவி எழுதும் கைக்கு இந்த விளையாட்டுச் சாமான் எதற்கு?" என்று நம் வட்டத்து அன்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. அதற்குரிய விடையைக் கூறவே இன்று எழுந்தேன்.

முதலில் பழைய கதை. எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, எதிர்வீட்டு மாமா துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தார். நறுமணப் புட்டிகளோடும் போர்வைகளோடும் ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்தது. அக்காலத்தில் எங்கள் தெருவின் ஆண்டெனாக்கள் எல்லாம் கடலை நோக்கித் திரும்பியிருக்கும். இலங்கையின் ரூபவாகினி அவ்வழியாகத்தான் எங்கள் வீடுகளுக்குள் வரும். அந்த ஆண்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே துளையில் வெள்ளைப் பெட்டியின் கம்பியைச் செருகினார் மாமா. திரையிலே புள்ளிமழை பொழிந்தது. திருகைத் திருகிக்கொண்டே வந்தார். மழை விலகி நீலவானம் தோன்றியது. தொப்பி அணிந்த ஒரு மீசைக்காரன் ஓடினான். கடலுக்கு அப்பாலிருந்து படம் வருவது எங்களுக்குப் புதிதன்று. எங்கள் விரல் அசைவுக்குப் படம் அசைந்தது அன்றுதான்.

அதன்பின் கோடை விடுமுறைகள் அந்தப் பெட்டிக்கு முன்னேதான் கழிந்தன. என் பெரியப்பா மகனும் நானும் பாயில் அருகருகே அமர்ந்து கான்ட்ரா ஆடுவோம். மூன்றே உயிரோடு தொடங்கும் அந்த ஆட்டத்தில் முப்பது உயிர் பெற ஒரு மந்திரம் உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு இரண்டு பொத்தான்கள். "இது யாருண்ணே கண்டுபிடிச்சது?" என்று கேட்டேன். "கீழக்கரைல ஒரு பையன் சொன்னான்டா" என்றார் அண்ணன். கீழக்கரைப் பையனுக்குச் சொன்னது யாரோ. அச்சில் ஏறாமல், வாய்வழியாகவே ஊர் ஊராய்ப் பரவிய மந்திரம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டங்களை ஆக்கியவர் யார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் படிக்குப் படி எடுக்கப்பட்ட போலிகள். முகப்பில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்திருப்பார்கள். ஒரே கேசட்டில் 99 இலட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று பட்டியல் ஓடும். எண்ணிப் பார்த்தால் சில ஆட்டங்களே மீண்டும் மீண்டும் வேறு வேறு பெயரில் வரும். பெயர்களைத் துடைத்த பின்னரே விருந்து எங்களுக்குப் பரிமாறப்பட்டது.

அந்தப் பெட்டியின் மூலம், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம். உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்பனையான பொறி. அதை வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவேமுரா. எங்கள் கட்டைவிரல்களைக் காய்ப்பேற்றிய அந்தச் சிலுவை வடிவப் பொத்தானைப் படைத்தவர் குன்பேய் யோகோய். மீசைக்காரன் மரியோவை உருவாக்கியவர் ஷிகேரு மியாமோட்டோ. அவரோடு நின்றவர் தகாஷி தெசுகா. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. 1985-இல் வந்த அந்த மரியோ ஆட்டத்தின் அசல் கேசட்டிலும், ஆட்டம் முடியும்போது ஆக்கியோர் பெயர் வராது. அக்காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஆக்கியோர் புனைபெயருக்குள் மறைந்தே பணிபுரிந்தனர்.

அமெரிக்காவிலும் நிலை வேறன்று. அட்டாரி நிறுவனம் தன் ஆட்டங்களில் ஆக்கியவர் பெயரை இட மறுத்தது. அங்கே பணிபுரிந்த வாரன் ராபினெட் என்பவர், 1980-இல் வெளியான 'அட்வெஞ்சர்' ஆட்டத்துக்குள் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டினார். ஒரே ஒரு புள்ளி அளவான பொருளை எடுத்துக்கொண்டு உரிய சுவரைக் கடப்பவனுக்கு மட்டும் அந்த அறை திறக்கும். உள்ளே புதையல் எதுவும் இல்லை. 'இதைப் படைத்தவன் வாரன் ராபினெட்' என்ற ஒரு வரி மட்டுமே. ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோது, ராபினெட் வேலையை விட்டே போயிருந்தார். அதே குறையால் அட்டாரியை விட்டு வெளியேறிய சிலர் 1979-இல் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஆக்கியவர் பெயரை அட்டையிலேயே அச்சிட்டனர். ஆற்றின்மேல் விமானம் ஓட்டும் 'ரிவர் ரெய்டு' என்னும் 1982-ஆம் ஆண்டு ஆட்டத்தை ஆக்கியவர் கரோல் ஷா என்னும் பெண்மணி என்பது நமக்குத் தெரிவது அதனால்தான்.

கவிஞர் பெருமக்களே, இது உங்களுக்கு அந்நியமான கதையா? குறுந்தொகையை நினைத்துப் பாருங்கள். பெயர் தெரியாத புலவருக்கு, அவர் பாட்டில் மின்னிய தொடரையே பெயராக்கி வைத்தார்கள் நம் முன்னோர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று எத்தனை பேர்! பெயர் அழிந்தது, பாட்டைத் துய்த்தவன் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பெயரைச் சூட்டினான். நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்களுக்கு அவை 'டேங்க் கேம்', 'வாத்து கேம்', 'பலூன் கேம்'.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மைப் பெயர்களைத் தேடுவதே என் சேகரிப்பின் பெரும்பகுதி இன்பம். 'பலூன் கேம்' என்று நாங்கள் அழைத்தது பலூன் ஃபைட். அதன் நிரலை எழுதிய இளைஞர் சடோரு இவாடா. பின்னாளில், 2002-இல், அவரே நின்டெண்டோவின் தலைவரானார். 'டேங்க் கேம்' என்பது நாம்கோ நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டு பேட்டில் சிட்டி. அதற்குள்ளும் ஓர் இரகசியம் உண்டு. சில மறைமுறைகளைச் செய்தால் ஒரு திரை தோன்றும். 'ஓப்பன் ரீச்' என்ற புனைபெயரில் ஆக்கியவர், தாம் நோரிகோ என்பவளை நேசிப்பவர் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். அகப்பாடலில் தலைவி பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது நம் தொல்காப்பிய மரபு. ஜப்பானியக் காதலர் தம் பெயரை மறைத்துக் காதலியின் பெயரை வெளியிட்டுவிட்டார்! நானும் அண்ணனும் எத்தனையோ நூறு முறை செங்கற் சுவர்களை உடைத்து ஆடினோம். அச்சுவர்களுக்குப் பின்னே ஒரு காதல் இருந்ததை அறியாமலே ஆடினோம்.

முப்பது உயிர் மந்திரத்துக்கும் உடையவர் உண்டு. கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986-இல் கிராடியஸ் என்னும் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அது கடினமாய் இருந்ததால் தம் வசதிக்காக அமைத்தது அது. இதை நான் அறிந்தது 2020-இல், அவர் மறைந்த செய்தியின் வழியாக. இவாடா 2015-இலும், உவேமுரா 2021-இலும் மறைந்தனர். யோகோய் 1997-இலேயே சாலை விபத்தில் இறந்துவிட்டார். அந்த ஆண்டிலும் அவர் பெயர் அறியாமல் அவர் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தோம். என் இளமையை வளர்த்தவர்களின் பெயர்கள், இரங்கற் செய்திகளாகவே என்னிடம் வந்து சேர்ந்தன. இதை ஒரு கடனாக நான் உணர்கிறேன்.

சேகரிப்பின் பாடுகளையும் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊர் உப்புக் காற்று இந்தச் செம்புப் பற்களுக்குப் பகை. ஓராண்டு மூடாமல் வைத்தால் பச்சை பூத்துவிடும். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவோமே, நினைவிருக்கிறதா? ஊதியதால் சரியானதாக எண்ணினோம். உண்மையில், கழற்றி மறுபடி செருகியதால்தான் சரியாயிற்று. நம் மூச்சின் ஈரம் பற்களை அரிக்கவே செய்தது. இன்று நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைக்கிறேன்.

வாத்துச் சுடும் துப்பாக்கி வேறொரு சிக்கல். விசையை இழுத்தவுடன் திரை கண்ணிமைப்பதற்குள் கறுத்து, வாத்து நின்ற இடம் மட்டும் வெண்சதுரமாய் ஒளிரும். துப்பாக்கியின் கண் அந்த ஒளியைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே இது நடக்கும். இக்காலத் தட்டைத் திரைகள் படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி ஏமாந்துபோகிறது. ஆகவே துப்பாக்கியைக் காக்க வேண்டுமானால், பழைய தொலைக்காட்சியையும் காக்க வேண்டும். என் கடையில் இரண்டு குழாய்ப் பெட்டிகளை இதற்கென்றே உயிரோடு வைத்திருக்கிறேன்.

பாடபேதமும் உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரைவது. நம் நாட்டுப் பெட்டி 50 முறை. எனவே நம் வீடுகளில் ஓடிய மரியோ, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவன். கோண்டோவின் இசையும் அவ்வாறே விளம்பத்தில் ஒலித்தது. ஜப்பானிய மூலத்தை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு மூலமே பிழையாகப் பட்டது! இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எது சிறந்த பாடம் என்று தீர்ப்புக் கூற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

யாப்பை விரும்புவோர்க்கு மேலும் ஒன்று. அந்த மரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாமையால், வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஏழு சீருக்குள் திணறியிருக்கும் எவரும் இந்தச் சிக்கனத்தைக் கண்டு கைதட்டுவர்.

'இவையெல்லாம் எங்கே போய்விடும், யாரேனும் காப்பார்கள்' என்று நினைக்கலாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று, அங்குள்ள வீடியோ ஆட்ட வரலாற்று நிறுவனம் ஒன்று 2023-இல் ஆராய்ந்து வெளியிட்டது. அவற்றை உருவாக்கி விற்ற நாட்டிலேயே அந்த நிலை. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் பெயரை இந்தச் சிறு முயற்சியோடு சேர்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆயினும், அழிவது அற்பமானது என்று ஒரு காலம் நினைத்ததையே அடுத்த காலம் தேடி அழுதது என்பதை அவர் வாழ்க்கையிலிருந்துதானே நாம் கற்றோம்?

நாம் கூடியிருக்கும் ஊரையும் நினைக்கிறேன். இராமபிரான் தருப்பைப் புல்லில் கிடந்து கடலரசனை வேண்டியதாகச் சொல்லப்படும் தலம் இது. சிறிது தொலைவில் சேதுக்கரை. அணை கட்டிய நளன் பெயர் நிற்கிறது. மணல் உதிர்த்த அணிலுக்குக்கூட முதுகில் மூன்று கோடு கிடைத்தது. கல் சுமந்த எண்ணற்ற தோள்களின் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே இவ்விழா மலரின் தொகுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளில் இந்த அவையில் எத்தனையோ பேர் கவிதை படித்தார்கள். ஒரே ஒரு மாதம் வந்து, நான்கு அடி படித்துவிட்டுப் பிறகு வராமலே போனவர்களும் உண்டு. நம் வருகைப் பதிவேட்டிலிருந்து அவர்களுடைய பெயர்களையும் எடுத்து இம்மலரில் அச்சிடுங்கள். பின்னால் வருபவன் தேட வேண்டிய இடத்தில் நாமே ஏன் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்ல வேண்டும்?

இறுதியாக, என் கையிலுள்ள இந்த மஞ்சள் கேசட். எதிர்வீட்டு மாமாவின் பெட்டி பழைய இரும்புக்குப் போய்ப் பல்லாண்டுகள் ஆயின. இதைச் சென்னை ரிச்சி தெருவருகே ஒரு கடையில், உடைந்த சாமான்களின் குவியலிலிருந்து எடுத்தேன். இதன் பின்புறத்தில் யாரோ ஒரு பிள்ளை நீலப் பேனாவால் எழுதியிருக்கிறது: '4 நல்லாருக்கும், 7 கஷ்டம், 11 தம்பிக்கு.' பெயர் எழுதவில்லை. நான்காம் ஆட்டத்தையும் ஏழாம் ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தேன், சொன்னது உண்மையே. பதினோராவது, எளிதான ஒரு பந்தாட்டம். செம்புப் பற்களைத் துடைக்கும்போதெல்லாம், ஸ்பிரிட் ஒரு துளியும் அந்தப் பக்கம் சிந்திவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

 கூட்டம் முடிந்ததும் பின்னறையில் பெட்டியை இணைத்து வைக்கிறேன். இருவர் இருவராக வாருங்கள்.