மணற்குழியில் எழுந்த எதிர்காலம்



இலக்கிய மேடையில் இத்தாலி நாட்டு மலிவான திரைப்படங்களைப் பற்றிப் பேசுவது முறைதானா என்று சிலர் எண்ணக்கூடும். நம் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகைப்படுத்தினர். வழிநூல் செய்வோன் முன்னோர் கண்ட முடிபோடு ஒத்துச் செல்ல வேண்டும். தான் வேண்டிய விகற்பத்தையும் கூற வேண்டும் என்றனர். வேறொன்றின் வழிவந்தது என்பதனாலேயே ஒரு படைப்பை அவர்கள் தள்ளிவிடவில்லை. விகற்பம் யாது என்றே கேட்டனர். 1970களின் இறுதியிலும் 1980களிலும் இத்தாலியில் சிறுமுதலில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுச் சண்டைப்படங்களை நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

அவை எவற்றின் வழிவந்தன என்பதில் மறைவு ஏதுமில்லை. ஆஸ்திரேலியாவில் 1979இல் ‘மேட் மேக்ஸ்’ வந்தது. 1981இல் அதன் இரண்டாம் பகுதி வந்தது. அமெரிக்காவில் 1979இல் ‘தி வாரியர்ஸ்’ படமும் 1981இல் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ படமும் வந்தன. இந்நான்கையும் ஒரே உரலிலிட்டு இடித்தவர்கள் ரோம் நகரத்துத் தயாரிப்பாளர்கள். இத்தகைய படவரிசையை இத்தாலியர் ‘ஃபிலோனே’ என்பர். பாறையினுள் ஓடும் தாது நரம்புக்கும் அச்சொல்லே பெயர். நரம்பு கண்ணில் பட்டால் அது வற்றும்வரை வெட்டுவது, வற்றியதும் அடுத்த நரம்புக்கு நகர்வது என்பதே அத்தொழிலின் இயல்பு. 1958இல் ‘ஹெர்குலிஸ்’ வெற்றி பெற்றதும் புராண வீரர் படங்கள் பெருகின. 1964இல் செர்ஜியோ லியோனே, ஜப்பானியர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’வுக்கு ஒரு வழிநூல் செய்தார், உடனே குதிரையும் துப்பாக்கியுமாக நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. பின்னர்க் காவல்துறைப் படங்கள். அவையும் ஓய்ந்தபின் எதிர்கால உலகம். குதிரையிலிருந்து விழப் பழகியவர்களே இப்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார்கள்.

பெயர்களிலும் வேடிக்கை உண்டு. ‘அந்தோணி எம். டாசன்’ என்று திரையில் தோன்றுபவர் அந்தோனியோ மார்கெரித்தி. ‘மார்ட்டின் டோல்மன்’ என்பவர் செர்ஜியோ மார்த்தினோ. ‘லூயிஸ் கோட்ஸ்’ என்பவர் லூயிஜி கோட்சி. விண்கலம் என்றால் அமெரிக்கர்தாம் செலுத்த வேண்டும் என்று பார்ப்போர் கருதிய காலம் அது. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினாலும் தடையில்லை. குரல் பிற்பாடு டப்பிங்கில் சேர்க்கப்படும். நம் நாட்டிலும் அது நெடுங்கால வழக்கமாதலால், உதடும் சொல்லும் பொருந்தாமை நம்மை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை.

இனி விகற்பத்துக்கு வருவோம். வறுமையே இங்கு முதல் விகற்பம். இதற்கு முன்னோடி 1965இல் மரியோ பாவா எடுத்த ‘பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்’. வெற்று அரங்கு ஒன்றும், ஏதோ ஒரு புராணப் படத்தில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகளுமே தமக்குக் கிடைத்தன என்று பாவா பின்னாளில் கூறியதுண்டு. அவ்விரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, இடைவெளியைப் புகையாலும் வண்ண ஒளியாலும் நிரப்பினார். விளைவு, பணம் மிகுந்திருந்தால் கிடைத்திராத ஒரு கோள். அங்கே எதுவும் தெளிவாகத் தெரியாது, தெரியாமையே அச்சமாயிற்று. சிதைந்த கலத்தினுள் கிடக்கும் பேருருவ எலும்புக்கூட்டை அப்படத்தில் கண்டவர்களுக்கு 1979இல் வந்த ‘ஏலியன்’ நினைவுக்கு வராமல் போகாது. அதே ‘ஏலியன்’ படத்தின் வழியில் கோட்சி 1980இல் ‘கண்டாமினேஷன்’ எடுத்தார். முதற்படத்தில் வேற்றுயிரின் முட்டைகள் தொலைகோளில் காணப்பட்டன. கோட்சியின் படத்திலோ, மாலுமிகள் மாண்டு நியூயார்க் துறைமுகத்துக்கு மிதந்துவரும் கப்பலில், காப்பிப் பெட்டிகளுக்குள் அவை இருக்கின்றன. விண்வெளி கட்டுப்படியாகாததால் அச்சம் நம் காலைக் காப்பிக்கே வந்துவிட்டது. இதனைக் குறை என்பதா, விகற்பம் என்பதா?

வறுமை தந்த விகற்பங்களுள் ஆழமானதை என்ஸோ காஸ்தெல்லாரியிடம் காண்கிறேன். அவருடைய ‘1990: தி பிராங்ஸ் வாரியர்ஸ்’ 1982இல் வந்தது. அரங்கக் காட்சிகள் ரோமில் எடுக்கப்பட்டன. தெருக்காட்சிகளுக்குப் படக்குழு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கே சென்றது. தீவைப்பாலும் புறக்கணிப்பாலும் அப்பகுதியின் தெருக்கள் பல அந்நாளில் உண்மையாகவே இடிந்து கிடந்தன. எதிர்காலப் பாழ்நகரைப் பலகையால் கட்டப் பணமில்லாத குழுவினர், நிகழ்காலப் பாழ்நகரைப் படம்பிடித்து அதற்கு எதிர்காலத் தேதியிட்டனர். தேதி எட்டாண்டுகள்தாம் தள்ளியிருந்தது. கதையை நான் புகழமாட்டேன். உருளைச் சக்கரம் பூட்டிய காலணிகளோடு ஹாக்கி மட்டை ஏந்திவரும் ஒரு கும்பலை யாரால் அஞ்ச இயலும்? ஆயினும், ஆற்றங்கரையில் இரு கும்பல்கள் எதிர்நிற்கும் காட்சியில் ஒருவர் தனியே அமர்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் யார், ஏன் வாசிக்கிறார் என்று படம் சொல்வதேயில்லை. அந்தக் கொட்டொலியும் ஆற்றுக்காற்றும் சேர்ந்து, எழுதி வரவழைக்க முடியாத ஓர் இறுக்கத்தைத் தருகின்றன.

அதன் தொடர்ச்சியான ‘எஸ்கேப் ஃப்ரம் தி பிராங்ஸ்’ அடுத்த ஆண்டே வந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று பிராங்ஸை இடித்துப் புதுநகர் எழுப்ப விரும்புகிறது. குடியிருந்த ஏழைகளுக்கு நியூ மெக்சிகோவில் நல்ல வீடுகள் தரப்படுவதாக வெளியுலகுக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில், படையொன்று தீயுமிழ் கருவிகளோடு வீடு வீடாக வருகிறது. அப்பணிக்குப் பெயர் ‘பூச்சி ஒழிப்பு’. ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ படத்தில் நகரம் குற்றவாளிகளின் சிறை; இங்கோ அது அகற்றப்படவிருக்கும் மக்களின் வீடு. முதல்நூல் கேளாத கேள்வியை வழிநூல் கேட்டுவிட்டது. குடிசை அகற்றும் அறிவிப்புகளில் ‘மறுவாழ்வு’ என்ற சொல்லைப் படித்துப் பழகிய நமக்கு இப்படத்துக்கு உரை தேவையில்லை.

மற்றொரு விகற்பத்தை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கு வேண்டும். 1955இல் இத்தாலியத் திரையரங்குகளில் 80 கோடிக்கு மேல் சீட்டுகள் விற்றன. 1985 அளவில் அது ஏறத்தாழ 12 கோடியாகச் சுருங்கிற்று. 1976இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் அளவில் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்ட பின்னரே சரிவு விரைந்தது. 1984க்குள் பெர்லுஸ்கோனியின் கையில் மூன்று அலைவரிசைகள் சேர்ந்துவிட்டன. நாள் முழுதும் இல்லத்திலேயே படம் ஓடினால் அரங்குக்கு வருபவர் யார்? இச்சூழலில் லூச்சியோ ஃபுல்ச்சி 1984இல் ‘வாரியர்ஸ் ஆஃப் தி இயர் 2072’ படத்தைத் தந்தார். பார்வையாளர் எண்ணிக்கைக்காகப் போட்டியிடும் தொலைக்காட்சி நிறுவனங்கள், தண்டனைக் கைதிகளை ரோமில் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒருவரையொருவர் கொல்லவிட்டு நேரடியாக ஒளிபரப்புகின்றன. ஜோ தமாத்தோவின் ‘எண்ட்கேம்’ (1983) படத்திலும் மனித வேட்டையே தொலைக்காட்சி விளையாட்டு. இவற்றுக்குச் சொந்த நாட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தது. எலியோ பெத்ரி 1965இல் எடுத்த ‘தி டென்த் விக்டிம்’ அது. ஆனால் பெத்ரி அங்கதமாகச் சொன்னதை இவர்கள் அடிபட்டவர்களின் குரலில் சொன்னார்கள். தொலைக்காட்சி கொல்கிறது என்று அந்நாளில் சொல்லத் தகுதி பெற்றவர்கள், அதனால் தொழில் இழந்துகொண்டிருந்த திரைத்தொழிலாளரே அன்றோ?

மார்த்தினோவின் ‘2019: ஆஃப்டர் தி ஃபால் ஆஃப் நியூயார்க்’ (1983) பற்றி ஒரு சொல். அணுப்போருக்குப்பின் பல்லாண்டுகளாகக் குழந்தையே பிறக்காத உலகில், கருத்தரிக்கவல்ல கடைசிப் பெண்ணைத் தேடிப் போகிறார்கள். இதே கருவைப் பெரும்பொருட்செலவில் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ 2006இல் வந்தபோது திறனாய்வாளர் போற்றினர். பின்னது சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. எனினும் கரு, சிறுமுதல் படமொன்றில் முன்பே வந்துபோயிற்று.

இவற்றை விருப்பத்தோடு பேசுகிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்கவில்லை. பெண்களை நடத்தும் முறை பல படங்களில் அருவருப்புக்குரியது. ‘எண்ட்கேம்’ அதற்கு விலக்கன்று. பிழைப்புக்காக நரம்பை வெட்டியவர்கள் எல்லோரும் விகற்பம் கண்டவர்களும் அல்லர். புருனோ மத்தேயியின் ‘ஷாக்கிங் டார்க்’ (1989), ‘டெர்மினேட்டர் 2’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. உண்மையான இரண்டாம் பகுதி 1991இல்தான் வந்தது. அது வழிநூலும் அன்று, சார்புநூலும் அன்று.

இக்காலத்து இளைஞர் கூடியமர்ந்து இப்படங்களைக் கேலி செய்து மகிழ்வதைக் கேள்விப்படுகிறேன். சிரிப்பதில் தவறில்லை, நானும் சிரித்ததுண்டு. ஆனால் சிரிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. பொம்மை நகரம் பொய். வீழும் உடல் மெய். 1985 ஜூலையில் மார்த்தினோவின் ‘ஹேண்ட்ஸ் ஆஃப் ஸ்டீல்’ படப்பிடிப்பு அரிசோனாவில் நடந்தபோது, கொலராடோ ஆற்றின் மேலுள்ள நவாஹோ பாலத்தில் ஹெலிகாப்டர் மோதி வீழ்ந்தது. நடிகர் கிளாடியோ கசினெல்லியும் விமானியும் இறந்தனர். படம் முடிக்கப்பட்டு அடுத்த ஆண்டு வெளியாயிற்று. சிறுமுதலின் விலை இது என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால், ‘பிராங்ஸ் வாரியர்ஸ்’ படத்தில் கொடியவனாக நடித்த விக் மாரோ, சிறுமுதல் படத்தில் ஊறின்றி நடித்து முடித்து, 1982 ஜூலையில் ஹாலிவுட்டின் பெரிய தயாரிப்பு ஒன்றில் இரு குழந்தைகளோடு ஹெலிகாப்டர் வீழ்ந்து மாண்டார். கணக்கு அவ்வளவு எளிதன்று.

பார்க்க விரும்புவோர் ‘எஸ்கேப் ஃப்ரம் தி பிராங்ஸ்’ படத்தில் தொடங்கலாம். பின்னர் ஃபுல்ச்சியின் படம். களைப்பு நீங்க, கோட்சி 1978இல் எடுத்த ‘ஸ்டார்கிராஷ்’. அதில் விண்மீன்கள் திருவிழா விளக்குகளைப் போலச் சிவப்பும் நீலமுமாக மின்னும். இசையோ ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த ஜான் பேரியுடையது. கோள் வெடிக்கப் போகும் கணத்தில், கிறிஸ்டோபர் பிளம்மர் ஏற்ற பேரரசர், காலம் நிற்கக் கடவது என்று கட்டளையிடுகிறார். பச்சைக் கதிரொன்று பாய்ந்து காலம் மூன்று நிமிடம் நின்றுவிடுகிறது. அப்பெரிய நடிகர் அச்சொற்களைச் சிறிதும் சிரிக்காமல், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் போலவே பேசுகிறார். நம் அவைத்தலைவரிடம் அத்தகைய கதிர் இல்லை, மணியைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறார்.