சட்டப் புத்தகத்திற் சித்திரம் தீட்டிய ஆசிரியர்

(ஓவியர் நந்தலால் போஸ் நினைவுநாட் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் படித்தவன் சித்திரக்காரரைப் பற்றிப் பேச வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பை நான் பன்முறை புரட்டியிருக்கிறேன். ஆயினும், அதன் மூலப்பிரதி கையால் எழுதப்பட்டதென்பதையும், அதன் 22 பாகங்களும் சித்திரங்களோடு தொடங்குகின்றன என்பதையும் நெடுங்காலம் அறியாதிருந்தேன். நாம் வாங்கும் அச்சுப் பிரதிகளில் அவை இல்லை. மொகஞ்சதாரோ எருது, சோழர் வார்த்த நடராச வடிவம், தடியூன்றி நடக்கும் காந்தியடிகள் என விரியும் அச்சித்திரங்களைத் தம் மாணவரோடு கூடி ஆக்கித் தந்தவரே நந்தலால் போஸ்.

அவர் 1882 ஆம் ஆண்டு பீகாரிலுள்ள கரக்பூரிற் பிறந்தார். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். அஜந்தாக் குகைகளின் சுவரோவியங்களைப் பிரதிசெய்து பழையோர் கைவண்ணத்தை உணர்ந்தார். பின்னர் கவி இரவீந்திரரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆசிரியப்பணி புரிந்தார்.

கமக்காரப் பெருமக்களே! உங்களுக்கும் அவருக்கும் ஓர் உறவுண்டு. 1938 இல் குஜராத்தின் ஹரிபுராக் கிராமத்திற் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைமை வகித்தவர் சுபாஸ் சந்திரபோஸ். அம்மகாநாட்டுத் திடலைச் சித்திரங்களால் அணிசெய்யும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். அவர் யாரை வரைந்தார்? உழவனை வரைந்தார், தச்சனை வரைந்தார், மத்தளம் கொட்டுபவனை வரைந்தார், நெற்குத்தும் பெண்ணை வரைந்தார். மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்களைக் கொண்டே தீட்டினார். கூட்டத்துக்கு வந்த கிராமத்தவன் தன்னைத் தானே அங்கு கண்டான். அரசியல் யாருக்காக என்பதை நூறு மேடைப்பேச்சுக்களினும் தெளிவாக அப்படங்கள் உரைத்தன.

இனி, அவர் ஆசிரியராய் விளங்கிய பெருமையைச் சொல்வேன். பாங்குராவில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த ராம்கிங்கர் பைஜ், ஆசிரியர் செல்லாத வழியிற் சென்று, சீமெந்தும் சரளைக்கல்லும் கொண்டு சந்தாலக் குடும்பத்தின் சிலையை எழுப்பினார். பிறவியிலேயே பார்வை குன்றிய வினோத் பிஹாரி முகர்ஜி பெரும் சுவரோவியங்கள் தீட்டினார். பின்னாளிற் பார்வை முற்றாக இழந்தும் கலையைக் கைவிடவில்லை. சத்தியஜித் ரேயும் அங்கு பயின்றவரே. ஒருவர் மற்றவரைப்போல் இல்லை. எவரும் நந்தலாலின் நகலும் அல்லர். நல்லாசிரியனுக்கு இதனினும் மேலான நற்சாட்சி வேறென்ன வேண்டும்?

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பிள்ளை வைத்தியனாக வேண்டும், எந்திரியாக வேண்டும், வழக்கறிஞனாக வேண்டும் என்கிறோம். சித்திர பாடத்தை வீண்பொழுது என்கிறோம். சித்திர ஆசிரியருக்குக் கடைசி மணித்தியாலத்தை ஒதுக்கி, அதையும் கணக்குப் பாடத்துக்குப் பறித்துவிடுகிறோம். மாணவனாயிருந்த காலத்தில் அவ்வாறு எண்ணியவர்களில் நானும் ஒருவன். இன்று வெட்கப்படுகிறேன்.

உரிமை கேட்கும் இனம் தன் முகத்தைத் தானறிய வேண்டும். சூடு மிதிக்கும் களத்தையும், துலா மிதிக்கும் தோட்டத்தையும், வள்ளம் தள்ளும் கரையையும் வரையத் தெரிந்த ஒரு பிள்ளையேனும் ஒவ்வோர் ஊரிலும் வளரவேண்டாமா? சட்டம் நம் உரிமையை எழுதும். அவ்வுரிமைக்கு உரியவர் யாரென்பதைச் சித்திரம் காட்டும்.

1966 ஏப்ரல் 16 இல் நந்தலால் மறைந்தார். உங்கள் ஊர்ப் பாடசாலைச் சித்திர ஆசிரியரை நாளை காணும்போது வணக்கம் கூறுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.