டெபாசிட்டும் பத்துக் கையெழுத்தும்

சேலம் மாவட்டம் மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர் கே. பத்மராஜன். 1988-ஆம் ஆண்டு மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில் முதல்முறையாக வேட்புமனு கொடுத்தார். சாமானியனும் தேர்தலில் நிற்கலாம் என்று காட்டுவதுதான் அவர் சொன்ன காரணம். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் நின்றபோது, அவர் சந்தித்த தேர்தல்களின் எண்ணிக்கை 230-ஐத் தாண்டியிருந்தது. உள்ளாட்சித் தேர்தலிலிருந்து குடியரசுத் தலைவர் தேர்தல் வரை மனு கொடுத்திருக்கிறார். நரசிம்ம ராவ், வாஜ்பாய், கருணாநிதி, ஜெயலலிதா, நரேந்திர மோடி, ராகுல் காந்தி எனப் பெரிய தலைவர்களை எதிர்த்துக் களம் இறங்கியிருக்கிறார். ஒன்றில்கூட வென்றதில்லை. பத்திரிகைகள் அவரைத் தேர்தல் மன்னன் என்று அழைக்கின்றன. லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அதிகமுறை தோற்ற வேட்பாளர் என்று அவர் பெயர் ஏறியிருக்கிறது. ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவருக்குத் தேர்தலில் என்ன வேலை என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. அந்தக் கேள்விக்கு நம் சட்டம் பணத்தை வைத்துப் பதில் சொல்கிறது. அது தவறான பதில் என்பதும், சரியான பதில் அதே சட்டத்துக்குள் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதும்தான் இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மக்களவைக்கு நிற்பவர் 500 ரூபாயும் சட்டமன்றத்துக்கு நிற்பவர் 250 ரூபாயும் தொடக்கத்தில் டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அரசுக்குப் போய்விடும். ஒரு தொகுதியில் 1,80,000 வாக்குகள் பதிவானால், 30,000 வாக்கைத் தாண்டினால்தான் டெபாசிட் மிஞ்சும். கட்சியின் பின்பலம் இல்லாத ஒருவருக்கு இது எட்டாத உயரம். ஆகவே சுயேச்சையைப் பொறுத்தவரை டெபாசிட் என்பது திரும்பி வரும் பிணைத்தொகை அன்று, போட்டியிடக் கொடுக்கும் கட்டணம். அந்தக் கட்டணம் 1996-இல் மக்களவைக்கு 10,000 ரூபாயாகவும் சட்டமன்றத்துக்கு 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2010 பிப்ரவரியிலிருந்து 25,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று ஆனது.

1996-இல் ஏன் உயர்ந்தது என்பதற்கான காரணங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்திலிருந்து காவிரியைக் கடந்தால் ஈரோடு மாவட்டம், அங்கே மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பொறுமையிழந்த விவசாயிகள் கூட்டமாக மனு கொடுத்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதாவது தன் வாக்கையே தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள் அவர்கள். பதவிக்காக அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். ஃபுளோரைடு கலந்த குடிநீரால் எலும்பு வளைந்து வாடிய மக்களின் கோபம் அது. கர்நாடகத்தின் பெல்காமில் எல்லைப் பிரச்சினைக்காக 456 பேர் நின்றார்கள். நாடு முழுவதும் 13,952 வேட்பாளர்கள்.

டெபாசிட்டை உயர்த்தியதும், 1998-இல் அந்த எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. சட்டம் வெற்றி பெற்றுவிட்டது என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் விலகியவர்கள் யார், தங்கியவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? விளையாட்டு வேட்பாளர் என்று யாரைச் சுட்டிக்காட்டிச் சட்டத்தை இறுக்கினார்களோ, அந்த வகைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் பத்மராஜன் அதற்குப் பிறகும் நின்றார், இன்னும் நிற்கிறார். சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பணத்தை எடுத்துக் கட்டுகிறார். ஆக, உறுதி கொண்ட ஒற்றை மனிதரைத் தொகை தடுக்கவில்லை. பணம் படைத்தவரையும் தடுக்கவில்லை. கையில் காசில்லாத, ஆனால் சொல்ல ஒரு குறை இருக்கிற ஆளைத்தான் தடுத்தது. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் மஞ்சள் விவசாயிகள் இதை மீறிக் காட்டினார்கள். நியாயவிலையும் மஞ்சள் வாரியமும் கேட்டு 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் டெபாசிட் கட்டி நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை இணைக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் மஞ்சள் விலை நாடறிந்த செய்தியானது. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாதிலேயே தொடங்கப்பட்டது. வேட்பாளர்களாக நின்றதால் மட்டுமே வாரியம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோரிக்கை பல ஆண்டுகள் பழையது. தோற்கும் வேட்பாளருக்கும் பொதுப்பயன் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். ஈரோட்டிலும் சேலத்திலும் மஞ்சள் விளைவிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 1951-இல் 500 ரூபாய் பெரிய தொகை. 1996-க்குள் அதன் மதிப்புத் தேய்ந்துபோயிருந்தது. அதை நேர்செய்ததில் என்ன குற்றம் என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு, 1951-இலும் ஏழைக்கு வாசல் குறுகியே இருந்தது என்றுதான் காட்டுகிறது. அதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். திருச்செங்கோடு அருகே குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். அதுவும் சுயேச்சைகளின் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கி. கட்சி சாராத ஒருவர் ஆட்சியின் உச்சிக்கே போக முடிந்தது. ஆனால் அது சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை கொடுத்த காலம். சுதந்திர இந்தியா வாக்களிக்கும் உரிமையிலிருந்து சொத்துத் தகுதியை அடியோடு நீக்கியது. வேட்பாளராகும் உரிமையில் மட்டும் அதன் நிழல் டெபாசிட் வடிவில் தங்கிவிட்டது.

நம் நாமக்கல், சேலம் பகுதியில் இந்த நிழல் யார்மேல் விழுகிறது? நாமக்கல்லில் லாரி உரிமையாளர்களுக்கும் கோழிப்பண்ணையாளர்களுக்கும் சங்கங்கள் உண்டு. சேலத்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்குக் கூட்டுறவு அமைப்பு உண்டு. டீசல் விலையோ முட்டை விலையோ மரவள்ளிக்கிழங்கு விலையோ பிரச்சினையானால், அமைச்சரைப் பார்க்கவும் வேலைநிறுத்தம் அறிவிக்கவும் அவர்களால் முடியும். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவருக்கும், நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் ஒட்டுபவருக்கும் அந்தக் குரல் மிகச் சன்னமாகத்தான் கேட்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பெரிய கட்சி வேட்பாளருக்குச் சமமாக ஒரே பட்டியலில் பெயர் வருவது அவருக்குக் கிடைக்கும் அரிய சமத்துவம். கிராம ஊராட்சித் தேர்தலில் அந்தச் சமத்துவம் நமக்குப் பழக்கமானது. அங்கே வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நிற்கிறார்கள். பூட்டு சாவியும் ஆட்டோ ரிக்‌ஷாவும் சின்னமாக வந்து வென்று போகின்றன. ஊருக்குள் இயல்பாக இருப்பது, தொகுதி என்று வந்ததும் வேடிக்கையாகிவிட வேண்டியதில்லை.

வேட்பாளர் அதிகமானால் செலவும் குழப்பமும் பெருகும் என்பது அடுத்த மறுப்பு. வாக்குப்பதிவுப் பெட்டி ஒன்றில் 16 பெயர்கள் அடங்கும். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஐந்து பெட்டிகள் வைத்தார்கள். வாக்குப்பதிவு நடந்து முடிந்தது. குழப்பத்தைப் பற்றி ஒரு பெரிய பரிசோதனையே நடந்திருக்கிறது. 2024-இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயர் கொண்ட வேறு ஐந்து பேரும் பட்டியலில் இருந்தார்கள். ஆனாலும் அவர் 3,40,000-க்கு மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தார். 2015 முதல் வாக்குப்பதிவுப் பெட்டியில் வேட்பாளரின் படமும் இருக்கிறது. வாக்காளர் தேடிக் கண்டுபிடிக்கிறார். அவரைக் குழம்பக்கூடியவர் என்று கருதி பட்டியலைச் சுருக்குவது, அவர் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

வாக்கைப் பிரிக்கிறார்கள் என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. இதற்கு மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 2011 சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க.வின் எஸ்.ஆர். பார்த்திபன் 75,000-க்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். பா.ம.க.வின் ஜி.கே. மணி 73,000-க்கு மேல் பெற்றுத் தோற்றார். பத்மராஜனுக்கு 6,273 வாக்குகள் விழுந்தன. அவர் வாழ்நாளில் பெற்ற அதிகபட்சம் அதுதான். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைவிட அது கூடுதல். அந்த 6,273 பேர் யாருடைய வாக்கை யாரிடமிருந்து பிரித்தார்கள்? அவை எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த வாக்குகள் அல்ல. இரண்டு பெரிய அணிகளும் அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. அந்தச் செய்தி கிடைத்தது, அவர் பட்டியலில் இருந்ததால்தான்.

மிக வலுவான மறுப்புக்கு இப்போது வருகிறேன். பத்மராஜனுக்குக் கொள்கைத் திட்டம் எதுவும் இல்லை; சாதனை எண்ணிக்கைக்காக நிற்கிறார்; வதோதராவிலும் வயநாட்டிலும் அவர் நின்றதால் அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். தான் வாழாத, தன்னை அறியாத தொகுதியில் எண்ணிக்கைக்காக மட்டும் நிற்பது, வேட்பாளர் என்ற பொறுப்பை மெலிய வைக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் 3,900-க்கு மேற்பட்ட சுயேச்சைகள் நின்று, ஏழு பேர்தான் வென்றார்கள். இத்தகைய கணக்கைப் பார்த்துத்தான் சட்ட ஆணையம் 1999-இலும் 2015-இலும் சுயேச்சைகளே நிற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆனால் வெற்றி வாய்ப்பை அளவுகோலாக வைத்தால், பல தொகுதிகளில் டெபாசிட் இழக்கும் தேசியக் கட்சிகளும் வெளியேற வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் டேவிட் சட்ச் என்ற பாடகர் 1963-இல் ஒரு இடைத்தேர்தலில் நின்று, 18 வயதில் வாக்குரிமை கேட்டார். அவரைக் கோமாளி என்றார்கள். 1969-இல் அந்த நாட்டு நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. எந்தக் கோரிக்கை விளையாட்டு, எது விதை என்று அன்றைக்கே பிரித்துச் சொல்லும் திறன் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

அப்படியானால் அளவுகோலே வேண்டாமா? வேண்டும். அது பணமாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையாக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். 1996-இல் வந்த விதி அது. அதை நூறு கையெழுத்து என்று உயர்த்திவிட்டு, டெபாசிட்டை யாரும் கட்டக்கூடிய சிறு தொகையாகக் குறைக்கலாம். இந்தச் சல்லடை வேலை செய்யும் என்பதற்குக் குடியரசுத் தலைவர் தேர்தலே சாட்சி. 1974-இல் பத்து முன்மொழிபவர், பத்து வழிமொழிபவர் என்று விதித்தார்கள். 1997-இல் இரண்டையும் ஐம்பதாக்கினார்கள். அதன் பிறகு அந்தக் களம் பெரும்பாலும் இருவர் போட்டியாகவே இருக்கிறது. பத்மராஜனின் நிலையும் இதில் தெளிவாகும். வயநாட்டில் நூறு பேரைத் திரட்டுவது அவருக்குக் கடினம். 6,273 பேர் வாக்களித்த மேட்டூரில் ஒரே நாளில் திரட்டிவிடுவார். சட்டம் பார்க்க வேண்டிய வேறுபாடு அதுதான்.

கையெழுத்துப் போடுபவரை ஊரில் செல்வாக்குள்ளவர்கள் மிரட்டலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கூலிக்குப் போகும் இடத்தில் முதலாளிக்கு எதிரான மனுவில் கையெழுத்திடத் துணிவு வேண்டும். அதனால்தான் எண்ணிக்கை நூற்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் வந்து கையெழுத்திட சில நாட்கள் அவகாசமும் தரலாம். மிரட்டல் என்பது காவல்துறை தடுக்க வேண்டிய குற்றம். வறுமையை அப்படித் தடுத்துவிட முடியாது. ஏழை வேட்பாளருக்கு 25,000 ரூபாய் என்பது எந்தக் காவலரிடமும் புகார் கொடுக்க முடியாத தடை.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. பத்துக் கையெழுத்து என்ற விதி இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. நாளை உங்கள் தெருவில் ஒருவர் வேட்புமனுவோடு வந்து முன்மொழியக் கேட்டால், இவர் ஜெயிப்பாரா என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இவர் சொல்வதைத் தொகுதி ஒருமுறையாவது கேட்க வேண்டுமா என்று யோசியுங்கள். முன்மொழிவது வாக்களிப்பதாகாது, உங்கள் வாக்கை நீங்கள் வேறு யாருக்கும் போடலாம். அவர் பேச வேண்டியவர் என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். அவர் சொல்வது சரியா தவறா என்று வாக்கு எண்ணும் நாளில் தொகுதி தீர்மானிக்கட்டும்.