பாட்டன் கைப்பட எழுதியது

(திருவாடானையில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவு)



பழஞ்சுவடி காத்த சான்றோரைப் போற்றும் தமிழர், தம் வீட்டுப் பரண்மேற் கிடக்கும் குறிப்பேட்டைப் பழந்தாள் கடையில் எடைக்குப் போடுகின்றனர். பாட்டனின் வாழ்வும் பாட்டி பேசிய தமிழும் அவ்வெடையோடு போகின்றன.

புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761-இல் மறையுங்காறும், கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். அவருக்குப்பின் அஃது அவர் வழியினர் இல்லத்திற் கிடந்தது. 1846-இல் அதன் அருமையறிந்து படியெடுக்கச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர்! சில பகுதிகள் கிட்டாமலே போயின. எஞ்சியவையே இன்று பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றுக்குப் பெருஞ்சான்று.

அந்நாட்குறிப்பிற் பாரசீகச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் விரவியுள்ளன. அதற்காக அதனைத் திருத்தலாமா? கூடாது. தனித்தமிழ் இனி எழுதுவார்க்குரிய நெறி. எந்த அயற்சொல் எக்காலத்து நுழைந்ததென்று காட்டும் சான்றை அழிப்பது தமிழ்த்தொண்டாகாது.

அயற்சொல் மட்டுமா அங்குள்ளது? இவ்வட்டாரத்து உழவர் கணக்கேட்டிற் கண்மாய், கலுங்கு, மடை, ஊருணி எனச் சொற்கள் நிறைந்திருக்கும். தொண்டிக் கடற்கரை முதியவரைக் கேளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் சொல்வார். இவை கல்லூரியிற் கற்றவை அல்ல. வயலும் கடலும் கற்பித்தவை.

இன்னொரு தடையும் உண்டு. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் எழுதப் பயின்றவர் கையெழுத்தில் ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் வரும். சிலர் ஏட்டில் தமிழ் எண்களும் வரும். பேரப்பிள்ளைகள் அவற்றின்முன் திகைத்து நிற்பர்.

ஆதலின், எழுதியவர் உள்ளபோதே அருகமர்ந்து படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஓரெழுத்தும் மாற்றாமற் படியெடுங்கள். பிழையெனத் தோன்றினும் அவ்வாறே எழுதுங்கள். விளங்காச் சொல்லின் பொருளை அவரிடமே கேட்டுத் தனித்தாளிற் குறியுங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை முகப்பில் பொறியுங்கள். பக்கந்தோறும் கைப்பேசியிற் படமெடுத்து உறவினர் இல்லங்கள் இரண்டிலேனும் வையுங்கள். படியெடுத்தாயிற்றென்று மூல ஏட்டை எறிந்துவிடாதீர்கள்.

எழுத்து எழுதியவரைக் கடந்து நிற்கும். ஆனால் அதன் பொருளைச் சொல்லும் வாய் ஒருநாள் ஓய்ந்துவிடும். அந்நாள் வருமுன், இன்றிரவே பரண்மேல் ஏறுங்கள்!