சர்க்கரையும் சக்தி நாணயமும்

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தீயிலிட்டால் அது கருகி எரிந்து வெப்பமாய்ப் போகிறது. அதையே உண்டால் நம் உடலில் எங்கும் தீ மூள்வதில்லை. ஆயினும் நடக்கிறோம், பேசுகிறோம், எண்ணமிடுகிறோம். களத்து நெல்லை விற்றுச் சில்லறையாக மாற்றிக்கொள்ளும் குடியானவரைப்போல, உயிரணு சர்க்கரையின் சக்தியைச் சிறுசிறு நாணயங்களாக்கிக் கொள்கிறது.

அந்நாணயம் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள். அது மூன்று பாஸ்பேட் தொகுதிகளைத் தாங்கி நிற்பது. நீருடன் கூடி அவற்றுள் ஒன்று பிரியும்போது சக்தி கிடைக்கிறது. எஞ்சுவது அடினோசின் டைபாஸ்பேட். ஆங்கில முதலெழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஏ.டி.பி. என்றே வந்து நம்மை மயக்கும். ஆதலின் முன்னதை முப்பாஸ்பேட்டு என்றும், பின்னதை இருபாஸ்பேட்டு என்றும் சொல்லிக்கொள்வோம்.

முப்பாஸ்பேட்டை 1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க், எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நிறமாற்றத்தைக் கொண்டு பாஸ்பரஸை அளக்கும் ஒரு முறையை இவ்விருவரும் 1925-இல் வெளியிட்டிருந்தனர். அது இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இப்பெயரை நம்மவர் இன்னும் பலர் அறிந்திருத்தல் வேண்டும்.

நாணயம் அச்சாகும் விதத்தை இனிக் காண்போம். ஆறு கரியணுக்களைக் கொண்ட குளூக்கோஸ், பத்துப் படிகளில், மும்மூன்று கரியணுக்கள் உள்ள இரண்டு பைருவேட்டுகளாகப் பிளவுபடுகிறது. இதற்குப் பிராணவாயு தேவையில்லை. ஆனால் முதலின்றி வாணிகம் இல்லை அல்லவா? தொடக்கத்தில் உயிரணு இரண்டு முப்பாஸ்பேட்டுகளைச் செலவிட்டாக வேண்டும். பிற்பகுதியில் நான்கு திரும்பி வருகின்றன. நிகர இலாபம் இரண்டே.

பிராணவாயு இருப்பின், பைருவேட்டு மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணறைகளுக்குள் சென்று முற்றிலும் சிதைகிறது. அங்கே ஹைட்ரஜன் அயனிகள் அணைநீர்போல் ஒருபுறம் தேங்கி, வழிந்திறங்கும் வேகத்தில் முப்பாஸ்பேட்டை ஆக்குகின்றன. 1961-இல் இதை எடுத்துரைத்த பீட்டர் மிட்செல் 1978-இல் நோபெல் பரிசு பெற்றார். இவ்வழியையும் சேர்த்து ஒரு குளூக்கோஸுக்குச் சுமார் முப்பது நாணயங்கள் கிடைக்கின்றன.

அவ்வாறாயின் அந்த இரண்டு அற்பம் என்று எண்ணலாகாது. இரத்தச் சிவப்பணுவுக்கு மைட்டோகாண்டிரியா இல்லை. உடல் முழுவதற்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் அது, தன் பிழைப்புக்கு அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. சுமார் 120 நாள் வாழ்வையும் சர்க்கரைப் பிளவின் சிற்றிலாபத்தைக் கொண்டே நடத்துகிறது. திரும்பி வரும் நான்கில் இரண்டு, பைருவேட் கைனேஸ் என்னும் நொதி ஆற்றும் கடைசிப் படியில் வருபவை. பிறவியிலேயே இந்நொதி குன்றியவர்களுக்கு வரவு செலவோடு நெருங்கிவிடுகிறது. சக்தி போதாத சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அழிகின்றன. குழந்தை வெளிறிச் சோகையுறுகிறது. சிலருக்கு மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்ற நேருகிறது.